வாத்தியார் வானத்தில் இருக்கிறார்!

2004 செப்டம்பர் 20. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் தலையில் 1,950 கிலோ எடையில் ஒரு 'வாத்தியார்'. பெயர் எஜுசாட். கல்விக்கென்றே இந்தியா அனுப்பிய முதல் செயற்கைக்கோள்!

எங்கோ ஒரு ஸ்டூடியோவில் பேராசிரியர் பேசுவார். பல ஊர்க் கல்லூரிகளில் பையன்கள் திரை முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். சந்தேகம் வந்தால் மைக்கில் கேட்கலாம். நானும் அப்படிப் படித்தவன்தான். எங்கள் கல்லூரியில் சர்க்யூட் பாடத்துக்கு ஆளே கிடையாது. திரையும் இல்லையென்றால் பரீட்சையில் முட்டைதான். (ரூமில் ஏ.சி. உண்டு. அட்டெண்டன்ஸ் ஃபுல்!)

"புரிஞ்சுதா?" என்பார் பேராசிரியர். அந்தக் கேள்வி 36,000 கிலோமீட்டர் மேலே ஏறி, அதே தூரம் இறங்கி எங்களிடம் வர கால் செகண்ட். பதில் போக இன்னொரு கால். அரை செகண்ட்தானே என்கிறீர்களா? மைக் கடைசி பெஞ்சுக்குப் போக வேண்டாமா? அத்தனை ஊரும் கேட்க, 'புரியலை சார்' என்று சொல்லத் தைரியம் வர வேண்டாமா? அதற்குள், "வெரிகுட்!" என்று அடுத்த கணக்குக்குத் தாவிவிடுவார்.

2010-ல் எஜுசாட் ரிடையர் ஆனது. 2020 கொரோனாவில் அதே வித்தை செல்போனுக்கு வந்தபோதும் இந்த 'வெரிகுட்' மட்டும் மாறவில்லை!

எங்களைக் கரையேற்றியது லேப் அசிஸ்டென்ட் அண்ணன். திரை அணைந்ததும் சாக்பீஸை எடுப்பார். "எவனுக்குடா புரியலை?" என்பார். பாதிக் கை தூக்கும். முதலிலிருந்து போட்டுக் காட்டுவார். பஸ் போனாலும் விட மாட்டார்.

அதற்காக அவருக்குத் தனிச் சம்பளம் ஒன்றும் தரவில்லை.