நேற்றையவர்கள் கண்ட நாளை: உங்களுக்குத் தெரியுமா?

கொள்ளுப்பிட்டியில் கடலைப் பார்த்து நிற்கும் கால்பேஸ் ஹோட்டல் திறக்கப்பட்டது 1864இல். கி.பி. 3001இல் நடக்கும் கதையொன்றின் கடைசி அத்தியாயங்களை, கொழும்பில் வாழ்ந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1996இல் எழுதி முடித்தது இங்கேதான். பூமியிலிருந்து 36,000 கிலோமீற்றர் உயர்ந்த கோபுரங்களில் மக்கள் குடியிருக்கும் கதை அது!

* * *

அந்த 36,000 அவருடைய பழைய கணக்கு. பூமத்திய ரேகைக்கு மேலே அவ்வளவு உயரத்தில் சுற்றும் செய்மதி பூமியோடு சேர்ந்தே ஒரு நாளுக்கு ஒரு சுற்று வருவதால், நம் கண்ணுக்கு அசையாமல் நிற்கும். அப்படி மூன்று இருந்தால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று 1945 ஒக்டோபரில் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் எழுதினார். ஆனால் அவர் மனதில் இருந்தவை ஆட்கள் தங்கிப் பராமரிக்கும் நிலையங்கள். அந்தக் காலத்து வானொலிக் கருவியெல்லாம் வால்வில் ஓடியவை; வால்வு போனால் மாற்ற ஆள் வேண்டாமா? 1947இல் ட்ரான்சிஸ்டர் வந்தது, அந்த ஆளுக்கு அங்கே வேலை இல்லாமல் போனது. வானத்தில் வால்வு மாற்றியிருக்க வேண்டிய அந்தத் தொழிலாளியை எனக்கு மிகவும் பிடிக்கும். அன்றைய கனவுகளில் மனிதனுக்கு இடம் இருந்தது.

* * *

கிளார்க் இணைந்து எழுதி 1968இல் வந்த ‘2001’ படத்தில் விண்வெளி வீரர்கள் சாப்பிட்டபடியே தட்டையான பலகையில் செய்தி பார்க்கிறார்கள். அதே படத்தில் மகளோடு முகம் பார்த்துப் பேச, தந்தை தொலைபேசிக் கூண்டுக்குள் போகிறார். கட்டணம் 1 டொலர் 70 சதம். அவரை விண்வெளிக்கு ஏற்றிச் சென்ற பான் ஆம் நிறுவனம் நிஜத்தில் 1991இலேயே மூடப்பட்டுவிட்டது.

* * *

இலங்கையில் தொலைக்காட்சி நிலையமே இல்லாத 1975இல், கிளார்க்கின் கொழும்பு வீட்டில் மட்டும் தொலைக்காட்சி ஓடியது. நாசாவின் ஏடிஎஸ்-6 செய்மதி வழியாக 2,400 இந்தியக் கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகளை அனுப்பிய ஓராண்டுத் திட்டம் அப்போது நடந்துகொண்டிருந்தது. இஸ்ரோ பொறியியலாளர்கள் வந்து அவர் வீட்டில் ஏற்பி அன்ரெனாவைப் பூட்டிக் கொடுத்தார்கள். முப்பது வருடத்துக்கு முன் தாளில் போட்ட கணக்கு, அவருடைய வீட்டுக்கே படமாக வந்து இறங்கியது. நமக்கு 1979 வரை வானொலிதான்.

* * *

தமிழில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ தொடர்கதை காட்டிய எதிர்காலமும் இப்போது நமக்குப் பின்னால் போய்விட்டது. பேசும் இயந்திர நாய் ஜீனோவுக்காகத் தொடரின் அடுத்த வாரத்தை எதிர்பார்த்திருந்தவர்கள் இன்று கைபேசியோடு பேசுகிறார்கள். சுஜாதா மறைந்தது 2008 பெப்ரவரி 27இல். கிளார்க் அதே ஆண்டு மார்ச் 19இல்.

* * *

1979இல் வந்த கிளார்க்கின் ‘தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பரடைஸ்’ நாவலில், விண்வெளிக்கு ஏறும் மின்தூக்கி நம்முடைய சிவனொளிபாத மலையை ஒத்த சிகரத்திலிருந்து புறப்படுகிறது. அதன் விண்வெளி நிலையம் அதே 36,000 கிலோமீற்றர் வட்டப் பாதையில் அசையாமல் நிற்க வேண்டும். அதற்கு மின்தூக்கியின் அடித்தளம் பூமத்திய ரேகையில் இருக்க வேண்டும். இலங்கை அங்கே இல்லையே! அதனால் வேறு நாட்டைத் தேடாமல், தீவையே 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி எழுதினார்.