நான்கு மீட்டருக்குள் ஒரு நம்பகமான கார்

இந்தியாவில் சிறிய கார் என்பது கண்ணளவில் சொல்லப்படும் பெயர் அன்று; வரிச் சட்டம் அளந்து வகுத்த ஒரு பிரிவு. 2006ஆம் ஆண்டின் மத்திய நிதிநிலை அறிக்கை, நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும், பெட்ரோலில் 1200 சி.சி., டீசலில் 1500 சி.சி. என்ற அளவுக்கு மிகாத எஞ்சினும் கொண்ட கார்களுக்கு உற்பத்தி வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைத்தது. சி.சி. என்பது எஞ்சின் உருளைகளுக்குள் பிஸ்டன்கள் ஏறியிறங்கும் இடத்தின் மொத்தக் கொள்ளளவு. அந்த ஓர் அளவுகோல் கார்களின் உருவத்தையே மாற்றியது. நீண்ட டிக்கியோடு வந்த மாருதி டிசையர் 2012இல் வாலைக் குறுக்கிக்கொண்டு 3,995 மில்லிமீட்டருக்குள் அடங்கியது இந்தச் சலுகைக்காகத்தான். உற்பத்தி வரி போய் ஜிஎஸ்டி வந்த பிறகும் கோடு அதே இடத்தில் நிற்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கு 28 விழுக்காடு வரியும் 1 விழுக்காடு மேல்வரியும் நீங்கி 18 விழுக்காடு மட்டுமே விதிக்கப்படுகிறது. கோட்டைத் தாண்டிய கார்களுக்கோ 40 விழுக்காடு. வரிக்கு முன் ஐந்து லட்சம் ரூபாய் பெறும் ஒரு கார் முன்பு 6,45,000 ரூபாய்க்கும் இப்போது 5,90,000 ரூபாய்க்கும் கிடைக்கிறது என்றால், அளவான வருமானம் உள்ள குடும்பத்துக்கு அது சிறிய தொகை அன்று. ஆனால் மிச்சமான இந்த 55,000 ரூபாய் வாங்குபவரின் பையிலேயே தங்குமா, அல்லது ஷோரூமில் பெரிய திரையாகவும் அலாய் சக்கரமாகவும் உருமாறிவிடுமா என்பது, அவர் எதற்காகக் கார் வாங்குகிறார் என்பதில் எவ்வளவு தெளிவாக இருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

விளம்பரத்தில் வரும் விலை எக்ஸ்-ஷோரூம் விலை, அதாவது சாலை வரியும் பதிவுக் கட்டணமும் காப்பீடும் சேராத விலை. அவையெல்லாம் சேர்ந்து வண்டி வாசலுக்கு வரும்போது ஆகும் தொகையே ஆன்-ரோடு விலை. தமிழ்நாட்டில் புதிய காருக்கான ஆயுட்கால வரி 2023 நவம்பரில் உயர்த்தப்பட்டு, ஐந்து லட்சம் வரையுள்ள கார்களுக்கு 12 விழுக்காடு, பத்து லட்சம் வரை 13, இருபது லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 என்று ஆயிற்று. இங்கே கவனிக்க வேண்டிய பள்ளம் ஒன்று உண்டு. வருமான வரியைப் போல எல்லையைத் தாண்டிய தொகைக்கு மட்டும் உயர்ந்த விகிதம் விதிக்கப்படுவதில்லை. முழு விலைக்கும் விதிக்கப்படுகிறது. ஆகவே 9.9 லட்சம் ரூபாய்க் காருக்கு 1,28,700 ரூபாய் வரி என்றால், 10.1 லட்சம் ரூபாய்க் காருக்கு 1,81,800 ரூபாய். விலையில் இருபதாயிரம் ஏறியதற்கு வரியில் ஐம்பத்து மூவாயிரம் ஏறுகிறது. பத்து லட்சத்தைத் தாண்டிய காருக்கு வருமான வரிக் கணக்கில் 1 விழுக்காடு முன்கூட்டியே பிடித்தமும் செய்யப்படுகிறது. அது பின்னர் திரும்பக் கிடைக்கக்கூடியதே எனினும் அன்றைக்குக் கையிலிருந்து போகும் பணம் பணம்தான். ஒரே காரின் உயர்ந்த வேரியன்ட்டுக்கு, அதாவது கூடுதல் வசதிகள் கொண்ட வகைக்கு, ஆசைப்பட்டு இந்தக் கோட்டை மிதிப்பவர்கள் பலர்.

காப்பீட்டில் இரண்டு பகுதிகள் உள்ளன. விபத்தில் பிறருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்யும் மூன்றாம் தரப்புக் காப்பீட்டைப் புதிய கார் வாங்குபவர் மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்பது, உச்ச நீதிமன்றத்தின் ஆணையைத் தொடர்ந்து 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. அரசு 2022இல் அறிவித்த கட்டணப்படி, இதற்கு 1000 சி.சி. வரை 6,521 ரூபாய், 1500 சி.சி. வரை 10,640 ரூபாய். சொந்த வண்டியின் சேதத்துக்கான மற்றொரு பகுதிக்குத் தொகை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். டீலர் நீட்டும் காப்பீட்டைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதால், வெளியே இரண்டு இடங்களில் விசாரித்த பிறகு பேரம் பேசுவது நல்லது. இதனோடு சேர்த்து வாங்கும் கூடுதல் பாதுகாப்புகளில் ஒன்றைச் சென்னையிலும் கடலோர மாவட்டங்களிலும் உள்ளவர்கள் தவிர்க்கக் கூடாது. தேங்கிய வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் செய்தால் நீர் உருளைக்குள் உறிஞ்சப்பட்டு, அழுத்த முடியாத அந்த நீரில் மோதிப் பிஸ்டனை இயக்கும் தண்டு வளைந்துவிடுகிறது. சாதாரணக் காப்பீடு இதைப் பெரும்பாலும் ஏற்பதில்லை, எஞ்சின் பாதுகாப்பு என்ற தனி இணைப்பு இருந்தால் மட்டுமே பணம் கிடைக்கும். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மக்கள் தங்கள் கார்களை மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தியது 2015ஆம் ஆண்டு வெள்ளமும் 2023ஆம் ஆண்டு மிக்ஜாம் புயலும் கற்பித்த பாடத்தால்தான். கையாளும் கட்டணம், துணைப்பொருள் தொகுப்பு என்ற பெயர்களில் பட்டியலில் நுழையும் தொகைகள் அரசு விதித்தவை அல்ல. அவற்றை வரிவரியாகக் காட்டச் சொல்லி மறுக்கலாம்.

இனி, நம்பகம். கார் பழுதாகாமல் ஓடுவது இதில் பாதிதான். பழுதானால் எத்தனை கிலோமீட்டருக்குள், எத்தனை நாளில், எவ்வளவு செலவில் சரியாகும் என்பது மறுபாதி. முதல் பாதியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் எஞ்சினும் கியர் பெட்டியும். இந்த விலையில் இரண்டு வகைப் பெட்ரோல் எஞ்சின்கள் கிடைக்கின்றன. ஒன்று காற்றைத் தானாக உள்ளிழுக்கும் சாதாரண வகை. மற்றது, வெளியேறும் புகையின் விசையால் சுழலும் சிறு விசிறியைக் கொண்டு கூடுதல் காற்றை உருளைக்குள் அழுத்தும் டர்போ வகை. டர்போவில் இழுவை அதிகம், நெடுஞ்சாலையில் முந்துவது எளிது. ஆனால் மிகுந்த வெப்பத்தில் மிகுந்த வேகத்தில் சுழலும் ஒரு பாகம் கூடுகிறது, எண்ணெய் மாற்றத்தைத் தள்ளிப்போட்டால் அது முதலில் தண்டிக்கும். நகருக்குள் பள்ளிக்கும் கடைக்கும் போய்வரும் காருக்கு அது தேவையில்லை. மாருதியின் கே வரிசை எஞ்சினும், ஸ்ரீபெரும்புதூரில் உருவாகும் ஹூண்டாய் கார்களின் காப்பா எஞ்சினும் 2008 முதல் இந்தியச் சாலைகளில் ஓடித் தேர்ந்தவை, பலமுறை திருத்தப்பட்டவை. அவற்றின் குறைகளைத் தெருமுனை மெக்கானிக்கே அறிவார். புத்தம் புதிய எஞ்சினோடு வெளிவரும் காரை முதல் ஓராண்டு பிறர் ஓட்டிப் பார்க்க விட்டுவிடுவதே அளவான பணம் உள்ளவருக்கு ஏற்ற பொறுமை.

தேர்ந்த கார்களிலும் குறை எழாமல் இல்லை. பலேனோவையும், 2019 ஜனவரியில் புதிய தலைமுறையாக வெளிவந்த வேகன் ஆரையும் சேர்த்து 1,34,885 கார்களை, எரிபொருள் பம்ப்பில் குறை இருக்கக்கூடும் என்று 2020 ஜூலையில் மாருதி திரும்ப அழைத்துச் சோதித்தது. இத்தகைய அறிவிப்பைக் கண்டு அந்தக் காரையே ஒதுக்குவோர் உண்டு. அது சரியான முடிவு ஆகாது. குறையை வெளிப்படையாக அறிவித்து இலவசமாக மாற்றித்தரும் நிறுவனத்தைவிட, வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும் தனித்தனியே அலையவிடும் நிறுவனமே அஞ்சத்தக்கது. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் திரும்ப அழைக்க ஆணையிடும் அதிகாரத்தை அரசுக்கே அளித்துள்ளது.

கியர் பெட்டியில், கிளட்ச்சை மிதித்துக் கையால் மாற்றும் வகையே விலையிலும் பழுதுச் செலவிலும் குறைந்தது. ஏஎம்டி என்று விற்கப்படும் தானியங்கி, 2014இல் மாருதி செலிரியோவில் முதன்முதலாக இந்தியாவுக்கு வந்தது. அதன் உள்ளே இருப்பதும் அதே கைக்கியர் பெட்டியும் அதே கிளட்ச்சும்தான். மிதிக்கும் காலின் வேலையையும் மாற்றும் கையின் வேலையையும் ஒரு கருவி செய்கிறது. அதனால் மலிவு, மைலேஜும் குறைவதில்லை. ஆனால் கியர் மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு தயக்கம் தெரியும். ஏற்றத்தில் பிரேக்கை மிதிக்காமல் ஆக்ஸிலரேட்டரிலேயே வண்டியை நிறுத்திவைக்கும் பழக்கம் உள்ளவர்களிடம் கிளட்ச் விரைவில் தேயும். முழங்கால் வலியோடு நாள்தோறும் நெரிசலில் ஓட்டுபவருக்கு இந்தத் தயக்கம் பொருட்டே அல்ல.

மறுபாதிக்கு வரலாம். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 2017இன் இறுதியில் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்தியது. மறைமலை நகரில் ஆலை நடத்திய ஃபோர்டு 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஓரகடத்தில் உருவான டட்சன் கார்கள் 2022 ஏப்ரலோடு நின்றன. இவற்றில் சில, ஓட்டுவதற்கு அருமையான கார்கள். சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்று ஃபோர்டு உறுதியும் அளித்தது. ஆனாலும் பழைய கார்ச் சந்தையில் அவற்றின் மதிப்பு அறிவிப்பு வந்த அன்றே சரியத் தொடங்கியது, கிளைகள் மூடப்பட்டன, ஒரு சிறு பாகத்துக்காக வண்டி வாரக்கணக்கில் பட்டறையில் கிடந்தது. ஆகவே வாங்குபவர் தம் ஊரிலிருந்து முப்பது, நாற்பது கிலோமீட்டருக்குள் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் எத்தனை என்று எண்ணுவதும், உதிரிபாகக் கடையில் முன் பம்பர், ஹெட்லைட், கிளட்ச் தொகுப்பு ஆகிய மூன்றின் விலையைக் கேட்பதும் எந்த விமர்சனக் காணொளியைவிடவும் பயன் தரும். மதுரையில் மட்டும் பட்டறை வைத்திருக்கும் நிறுவனத்தின் கார் மதுரைக்காரருக்கு நல்ல காராக இருக்கலாம். அறந்தாங்கிக்காரருக்கு அப்படி இருக்க வேண்டிய கட்டாயமில்லை. மாருதி 2024 ஜூலையில் தன் வாரண்டியை, அதாவது குறைகளை இலவசமாகச் சரிசெய்யும் உத்தரவாதத்தை, இரண்டு ஆண்டு, 40,000 கிலோமீட்டர் என்பதிலிருந்து மூன்று ஆண்டு, ஒரு லட்சம் கிலோமீட்டராக நீட்டியது. இந்த அளவுக்குக் குறைவான வாரண்டியை இன்று ஏற்கத் தேவையில்லை.

பாதுகாப்பைப் பற்றி நீண்டகாலம் இந்திய வாங்குநர் கேட்டதே இல்லை. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்தியாவின் ஐந்து சிறிய கார்களை, ஏர்பேக் இல்லாத அடிப்படை வகைகளாக, மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தபோது ஐந்தும் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. அதன் பிறகே நிலைமை நகர்ந்தது: 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் பெற்ற முதல் இந்தியக் கார் ஆயிற்று, 2023 அக்டோபரில் அரசின் பாரத் என்கேப் தேர்வு நடைமுறைக்கு வந்தது. அதில் முன்மோதல் 64 கிலோமீட்டரிலும் பக்கவாட்டு மோதல் 50 கிலோமீட்டரிலும் கம்பத்தில் மோதுவது 29 கிலோமீட்டரிலும் சோதிக்கப்படுகின்றன. பெரியவர் பாதுகாப்பில் 32க்கு 27, குழந்தைகள் பாதுகாப்பில் 49க்கு 41 பெற்றால்தான் ஐந்து நட்சத்திரம். குளோபல் என்கேப் 2022இல் தன் தேர்வைக் கடுமையாக்கியதால், அதற்கு முன் பெற்ற நட்சத்திரத்தையும் பின் பெற்றதையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

ஏர்பேக்குகளின் எண்ணிக்கை வேறு, காரின் கூண்டு வேறு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2023இல் இரண்டு ஏர்பேக்கோடு சோதிக்கப்பட்ட வேகன் ஆர் ஒரு நட்சத்திரமே பெற்றது. பயணிகளைச் சூழ்ந்த உலோகக் கூண்டு நிலையற்றது என்று மதிப்பிடப்பட்டது. 2025 முதல் அந்தக் காரில் ஆறு ஏர்பேக்குகள் எல்லா வகைகளிலும் வருகின்றன. இது வரவேற்கத்தக்கதே, ஆனால் ஏர்பேக் கூடுவதால் மட்டும் கூண்டு உறுதியாகிவிடாது. உள்ளிடம், உதிரிபாக விலை, மறுவிற்பனை ஆகியவற்றில் வேகன் ஆரும், நட்சத்திரத்தில் டாடாவின் பஞ்ச், டியாகோ போன்றவையும் முந்துகின்றன. குடும்பத்தோடு அடிக்கடி நாற்கரச் சாலையில் போகிறவர் நட்சத்திரத்தின் பக்கம் சாய்வதே முறை. நகரத்துக்குள் நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதவர் வேறு விதமாக எடைபோடலாம்.

மைலேஜுக்கு வாங்குநர்கள் தரும் முக்கியத்துவம் அதற்குரிய அளவை மிஞ்சியது. விளம்பர எண் ஆய்வகத்தில் உருளைகளின் மேல் ஓட்டி எடுத்தது. சாலையில் அது வராது. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தரும் காருக்கும் 20 தரும் காருக்கும், பெட்ரோல் நூறு ரூபாய் என்று கொண்டால், மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ஆண்டு முழுவதும் ஆகும் வேறுபாடு 7,500 ரூபாய்தான். இதே கணக்கு சிஎன்ஜி காருக்கும் பொருந்தும்: ஏறத்தாழ தொண்ணூறாயிரம் கூடுதலாகக் கொடுத்து, மாதம் ஆயிரம் ரூபாய் அளவில் மிச்சம் பிடித்தால், போட்ட பணம் திரும்ப ஏழரை ஆண்டு ஆகும், டிக்கியில் இடமும் போகும். நாள்தோறும் எண்பது, நூறு கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு மட்டும் அது நல்ல பேரம்.

கடன் வாங்குவோர் மாதத் தவணையின் சிறுமையில் மயங்கக் கூடாது. ஐந்து லட்சம் ரூபாயை 9 விழுக்காடு வட்டியில் ஐந்து ஆண்டுகளில் அடைத்தால் தவணை 10,379 ரூபாய். ஏழு ஆண்டுகளாக நீட்டினால் 8,045 ரூபாயாக இறங்குகிறது, ஆனால் மொத்த வட்டியில் ஏறத்தாழ 53,000 ரூபாய் கூடுகிறது. வரிக் குறைப்பில் கிடைத்த ஆதாயம் ஏறத்தாழ முழுவதும் இங்கேயே கரைந்துவிடும்.

டிசம்பரிலும் ஜனவரியிலும் டீலர்கள் தரும் பெரிய தள்ளுபடிகள் பெரும்பாலும் முடியப்போகும் அல்லது முடிந்துபோன ஆண்டில் தயாரான கார்களுக்கானவை. பதிவுச் சான்றில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் இடம்பெறும் என்பதால், விற்கும் நாளில் அது ஓராண்டு பழைய காராகவே மதிக்கப்படும். தள்ளுபடி அந்த இழப்பைவிடப் பெரியதாக இருந்தால் மட்டுமே ஏற்கலாம். சேஸிஸ் எண்ணின் பதினேழு குறிகளில் பத்தாவது, பெரும்பாலான நிறுவனங்களில், தயாரிப்பு ஆண்டைக் காட்டும்: 2025க்கு ஆங்கில எழுத்து எஸ், 2026க்கு டி. முழுப் பணத்தையும் செலுத்துவதற்கு முன், தமக்கென ஒதுக்கப்பட்ட காரின் அந்த எண்ணை எழுத்தில் கேட்டு வாங்கி, டீலரின் கிடங்குக்கே பகலில் சென்று, டயர்களின் தயாரிப்பு வாரம், பெயின்ட்டின் நிற வேறுபாடு, ஓடிய கிலோமீட்டர் ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவாகும் வரைதான் வேறு வண்டி கேட்பது எளிது.