‘உங்க மகருங்களா?’: ‘காதலிக்க நேரமில்லை’யைத் திரும்பத் திரும்பப் பார்த்தல்

எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது நண்பர்கள் சேர்ந்து கையால் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து விநியோகித்த பத்திரிகை ஒன்றில் நான் ஒரு சினிமாக் கட்டுரை எழுதினேன். ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) தொழிலாளர் போராட்டத்தைக் கேலிப்பொருளாக மாற்றுகிற நடுத்தர வர்க்கக் கனவு என்பது அதன் சாரம். வேலையிலிருந்து நீக்கப்பட்டவன் முதலாளி வீட்டெதிரில் கூடாரம் போடுகிறான், கோரிக்கை பாட்டாகிறது, பாட்டு காதலாகிறது, காதல் சம்பந்தமாகிறது. போராட்டம் எங்கே போயிற்று என்று கேட்டு முடித்திருந்தேன். நண்பர்கள் பாராட்டினார்கள். வீட்டில் அப்பா மட்டும் படித்துவிட்டு, “படத்த ஒருக்கா சரியாப் பாரு” என்றார்.

அப்பா மில் தொழிலாளி. என் பள்ளிப் பருவத்தில் அவருக்கும் இன்னும் பலருக்கும் ஒரே நாளில் வேலை போயிற்று. கேட்டுக்கு முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். கடைசியில் ஏதோ ஒரு தொகையை வாங்கிக்கொண்டு எழுந்து வந்தார்கள். அப்படிப்பட்டவர், டி.வி.யில் இந்தப் படம் ஓடினால் வேலையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து சிரிப்பார். பந்தலில் உட்கார்ந்த மனுஷன் கூடாரப் பாட்டைப் பார்த்து எப்படிச் சிரிக்கிறார் என்று எனக்கு ஆத்திரமாக இருக்கும். ‘கருத்தியல் மயக்கம்’ என்று அப்போது புதிதாகக் கற்றிருந்த சொல்லை அவர்மேல் ஒட்டிவைத்தேன். இதற்குப் பிறகு இந்தப் படத்தைப் பத்துப் பன்னிரண்டு முறை பார்த்திருப்பேன். நான் எழுதியது முழுக்கத் தப்பு என்று இப்போதும் சொல்லமாட்டேன். ஆனால் அப்பா எதைப் பார்த்துச் சிரித்தார் என்று கவனிக்காமல் எழுதினேன்.

கதை தெரிந்ததுதான். சின்னமலை எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன் (டி.எஸ். பாலையா). பணக்கார மாப்பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருப்பவர். இரண்டு பெண்கள், ஒரு பையன். பையன் செல்லப்பா (நாகேஷ்) ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்று கம்பெனி ஆரம்பித்து அப்பாவின் பணத்தில் படம் எடுக்கத் துடிக்கிறவன். எஸ்டேட்டில் வேலை பார்க்கும் அசோக் (ரவிச்சந்திரன்), முதலாளியின் மகள் நிர்மலாவோடு உரசியதில் வேலையை இழக்கிறான். கூடாரம் போட்டும் ஆகாத காரியம், ‘நான் கோடீஸ்வரர் சிதம்பரத்தின் பிள்ளை’ என்ற பொய்யில் ஆகிவிடுகிறது. அந்தச் சிதம்பரமாக நண்பன் வாசு (முத்துராமன்) கிழவேஷம் கட்டி வருகிறான். வந்த இடத்தில் பார்த்தால், வாசுவின் காதலி விஸ்வநாதனின் இன்னொரு பெண்.

ஆள்மாறாட்ட நகைச்சுவையை முதல் தடவை பார்க்கும்போது நம்மைப் பிடித்து வைத்திருப்பது ஒரே கேள்வி: மாட்டிக்கொள்வார்களா? யாருக்கு எது தெரியும், எப்போது தெரியவரும் என்ற கணக்கிலேயே கண் ஓடுகிறது. பொய் சொல்கிறவனைத்தான் பார்க்கிறோம், நம்புகிறவனைப் பார்ப்பதில்லை. இரண்டாம் முறை அந்தக் கணக்கு தீர்ந்துவிடுகிறது. சம்பவத்தை மட்டும் நம்பி எடுத்த படம் அத்தோடு செத்துவிடும். அப்படிச் செத்த நகைச்சுவைப் படங்கள் நம்மிடம் ஏராளம். பாத்திரத்தின் மேல் கட்டப்பட்ட படத்திலோ கண்ணுக்கு அப்போதுதான் வேறு வேலை கிடைக்கிறது. பேசுகிறவரிடமிருந்து அது மெல்ல நகர்ந்து கேட்கிறவரிடம் போகிறது. இந்தப் படத்தில் கேட்கிறவர் ஒரே ஒருவர்தான். எல்லாப் பொய்களும் எல்லாக் கோரிக்கைகளும் கடைசியில் பாலையாவின் காதுக்குத்தான் வந்து சேர வேண்டும். சித்ராலயா கோபுவின் வசனம் பாதிதான். மீதி அந்த முகத்தில் நடக்கிறது. ‘பாலையா மூஞ்சியப் பாரு’ என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தது இதைத்தான்.

ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தான் வெளியே தள்ளிய அசோக் கோடீஸ்வரன் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்த பிறகு, சிதம்பரத்திடம் விஸ்வநாதன் கேட்கிறார்: “அசோகர் உங்க மகருங்களா?” தமிழ்நாட்டில் இதற்குச் சிரிக்காதவர் இருக்கமுடியாது. அசோக் ‘அசோகர்’ ஆகிவிட்டார். போகட்டும், பெயரோடு ‘அர்’ சேர்ப்பது நமக்குப் பழக்கம்தான். ஆனால் ‘மகன்’ ‘மகர்’ ஆகிறது. பழைய இலக்கியத்தில் பிள்ளைகளைக் குறிக்க ‘மகார்’ என்ற சொல் உண்டு. பாலையாவின் மகர் அந்த வழி வந்தவரல்ல. பணத்தின் வழி வந்தவர்.

தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் ஒரு விஷயம் சொல்கிறார். ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கிலே வந்த உயர்சொல். இலக்கண நெறிப்படி அமைந்ததல்ல. எம்.ஏ. வகுப்பில் இதைத் தேர்வுக்காக உருப்போட்டோம். இலக்கணம் ஒருமை பன்மையோடு நின்றுவிடுகிறது. யாருக்கு ‘அர்’ போடுவது, யாருக்கு ‘அன்’ போடுவது என்பதைச் சமூகம் முடிவு செய்கிறது என்கிற பொருள் அதில் இருப்பதாக எந்த ஆசிரியரும் எனக்குச் சொல்லவில்லை. பாலையா சொன்னார். விகுதி போட வேண்டும் என்ற அவசரத்தில், அது ஒட்டாத சொல்லிலும் கொண்டுபோய் ஒட்டிவிடுகிறார். மரியாதை மனசிலிருந்து வந்திருந்தால் நாக்கு குழறியிருக்காது. உயிருள்ள ஒன்றின் மேல் இயந்திரத்தனம் படிந்திருப்பதைக் கண்டுதான் சிரிக்கிறோம் என்று பெர்க்சன் சிரிப்பைப் பற்றிய தன் நூலில் (1900) சொன்னார். ‘மகர்’ அப்படி இயந்திரம்போல் விழுந்த ஒரு விகுதி. சாவி கொடுத்த பொம்மையைப்போல, பணம் என்ற சொல் காதில் விழுந்ததும் முதுகு வளைகிறது, குரல் இறங்குகிறது, ‘அர்’ வந்து விழுகிறது.

அல்தூசரின் ‘விளித்தல்’ பற்றி நம் பத்திரிகைகளில் நிறையவே எழுதியாயிற்று. தெருவில் போலீஸ்காரன் ‘ஏய்’ என்கிறான், போகிறவன் திரும்புகிறான். திரும்பிய அந்தக் கணத்தில் அவன் கருத்தியலுக்குள் ஒரு தன்னிலையாகிறான். இந்தப் படத்தில் அது தலைகீழாக நடக்கிறது. விளிக்கப்பட்ட அசோக் எந்த மாற்றமும் இல்லாமல் நிற்கிறான். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டும் இருக்கிறான். விளித்தவர் உடம்புதான் மாறிப்போகிறது. ஆணையிட்டுப் பழகிய ஒரு உடல் தன் சொல்லாலேயே குனிகிறது. தன்னைவிடப் பெரிய பணத்தின் முன்னால் முதலாளியும் ஒரு கூலிதான். இதை வசனமாகப் பேசியிருந்தால் ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும், கைத்தட்டலும் கிடைத்திருக்கும். படம் ஒரு விகுதியில் முடித்துவிடுகிறது.

எங்கள் பக்கத்துப் பேச்சில் எல்லாவற்றுக்கும் ‘ங்க’ உண்டு. வெளியூர்க்காரர்கள் அதை மரியாதை என்று மெச்சுவார்கள். அந்த ‘ங்க’ யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, யாருக்குத் திரும்பி வருவதில்லை என்று பார்த்தால் ஊரின் மொத்த வரைபடமும் கிடைத்துவிடும். அப்பா மில்லில் எல்லோருக்கும் ‘ங்க’ போட்டவர். பந்தல் நாட்களில் பேச வந்த ஆபீஸ் ஆள் அவரை ‘ஏம்ப்பா’ என்றானாம். அப்பாவைவிடப் பதினைந்து வயது சின்னவன். கூடவே வக்கீல் ஒருவர் வந்து நின்றதும் அதே வாய் ‘சொல்லுங்க சார்’ என்றதாம். வேலை போனதைவிட இதைத்தான் அப்பா அதிகம் சொல்லியிருக்கிறார். ‘மகருங்களா’வுக்கு அவர் சிரித்த சிரிப்பை மயக்கம் என்று நான் எழுதியது எவ்வளவு பெரிய அசட்டுத்தனம்!

இனி எல்லோருக்கும் தெரிந்த அந்தக் காட்சிக்கு வருகிறேன். செல்லப்பா அப்பாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி. சிரிப்பு சானல்களில் துண்டாக வெட்டிப் போட்டுப் போட்டு, படம் பார்க்காதவர்களுக்கும் மனப்பாடம். கதவு கிறீச்சிடுவது, காலடி ஓசை, எல்லாம் நாகேஷின் வாயிலிருந்தே வருகின்றன. நாகேஷின் உச்சம் என்பார்கள், சரிதான். ஆனால் அந்தக் காட்சியில் பயத்தை உண்டாக்குவது பாலையா. நாகேஷ் வெறும் ஒலிகளைத்தான் தருகிறார். அவற்றை இருட்டாகவும் பேயாகவும் ஆக்குவது கேட்பவரின் கண். அது விரிவதைப் பார்த்துத்தான் அங்கே ஏதோ இருக்கிறது என்று நாமும் நம்புகிறோம். பாலையாவை எடுத்துவிட்டு நாகேஷை மட்டும் பார்த்தால் ஒருவர் தனியாகக் கையை ஆட்டிக்கொண்டிருப்பார், அவ்வளவே.

இது வரைக்கும் துண்டுக்காட்சியிலேயே தெரியும். முழுப் படத்தையும் பலமுறை பார்த்தவருக்குத்தான் தெரிகிற ஒன்று இருக்கிறது. இந்த மனிதர் படம் முழுக்க எதிராளியின் சொத்து மதிப்பை வைத்தே காது கொடுக்கிறார். கூடாரத்தில் இருப்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் விழாத காது, சிதம்பரம் என்ற பெயருக்கு உடனே திறக்கிறது. பெற்ற மகனோ அவர் கணக்கில் வரவே இல்லாத செலவு. அவனிடமிருந்து ஒரு பைசா வராது, போகத்தான் செய்யும். அப்படிப்பட்ட ஒருவன் சொல்வதைக் கேட்கும்போதுதான் அவர் முழுசாகத் தோற்றுப்போகிறார். கணக்கு மறந்துவிடுகிறது, எஸ்டேட் மறந்துவிடுகிறது. பாட்டி மடியில் உட்கார்ந்து கேட்கிற குழந்தையின் முகம் அந்தத் தடித்த உடம்பின் மேல் வந்து உட்காருகிறது. படத்தில் விஸ்வநாதன் வெறுமனே கேட்கிற இடம் இது ஒன்றுதான். ஆறாவதோ ஏழாவதோ முறை பார்த்தபோது இது எனக்குப் பட்டது. அன்றைக்கு அந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை.

பாலையா என்கிற நடிகரின் நீண்ட பயணமும் இதில் சேர்கிறது. 1936இல் ‘சதிலீலாவதி’யில் தொடங்கி எத்தனையோ படங்களில் வில்லன். ‘மதுரை வீர’னில் (1956) நரசப்பனாக வந்து நம்மைப் பல்லைக் கடிக்க வைத்தவர். வில்லனுக்கு அடிப்படைத் தகுதி காதைத் தீட்டி வைத்திருப்பது: யார் என்ன சொல்கிறார்கள், அதில் நமக்கு என்ன லாபம். அதே காதைத்தான் விஸ்வநாதனுக்கும் கொடுத்திருக்கிறார். தீமையை மட்டும் எடுத்துவிட்டார், பேராசையை அப்படியே விட்டுவைத்தார். அதனால்தான் இந்த முதலாளி ‘நல்ல முதலாளி’யாகவும் ஆகவில்லை, கொடுங்கோலனாகவும் ஆகவில்லை. நம் பிரச்சாரக் கலைக்கு இந்த இரண்டையும் தவிர மூன்றாவது முதலாளியைக் கட்டத் தெரியவில்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

படத்தைக் கூடவே மன்னித்துவிடவும் கூடாது. திரும்பத் திரும்பப் பார்ப்பது கூர்மையையும் தரும், பிரியத்தையும் தரும். பிரியம் வந்தபின் கோபம் மழுங்கிவிடுகிற அபாயம் இருக்கிறது. எஸ்டேட் மேனேஜரின் மகள் மீனாட்சியைக் கதாநாயகி ஆக்குகிறேன் என்று செல்லப்பா படுத்துகிற பாடு எனக்கு ஒவ்வொரு முறையும் உறுத்தல் கூடுகிறது. சச்சு அபாரமாகச் செய்திருக்கிறார். ஆனாலும் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரிக்கும்படிதான் காட்சிகள் அமைந்திருக்கின்றன, அவளோடு சேர்ந்து சிரிக்க வழியில்லை. ஆலியாறு விருந்தினர் மாளிகையில் எடுத்த கூடாரப் பாட்டிலும் என் பழைய கேள்வி அப்படியேதான் நிற்கிறது. பொய்யான பணம் சாதித்ததை உண்மையான கோரிக்கை சாதிக்கவில்லை என்பதைக் காட்டுகிற வரைக்கும் படம் கறாராக இருக்கிறது. அதற்கு மேல் அதைக் கல்யாணமாக்கி ஆற்றிவிடுகிறது.

இந்தி மறு ஆக்கமான ‘ப்யார் கியே ஜா’வையும் (1966) ஸ்ரீதரே இயக்கினார். கதை சொல்லும் காட்சியை மெஹ்மூதும் ஓம் பிரகாஷும் செய்தார்கள். வடக்கிலும் அது பேர் பெற்றது. கேட்கிறவரின் முகம் எந்த மொழிக்கும் போகும். மகர் போகமாட்டார், அவர் நம் விகுதியில் மாட்டிக்கொண்டவர்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது மறுபடியும் படம் ஓடியது. அப்பாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். வசனம் அவருக்குத் தேவையும் இல்லை. பேய்க்கதை முடிகிறவரை அசையாமல் பார்த்தார். பிறகு, கூடாரப் பாட்டில் ரவிச்சந்திரனோடு ஆடிய கூட்டத்தைப் பற்றிக் கேட்டார்: “அசோக்குக்கு வேல போச்சு, சரி. கூட ஆடுன ஆளுகளுக்கெல்லாம் என்னாச்சு? அவுங்கள அப்பறம் காணவே காணோமே?”

என் பழைய கட்டுரையில் கூட இந்தக் கேள்வி இல்லை.