சுழற்சியின் திசை

வலம்புரிச் சங்கொன்றுக்குப் பல இலட்சம் ரூபாய் விலை கூறப்படுவதைக் கேட்டு மலைத்த வாசகர் ஒருவர், அதனுள் அப்படி என்ன சக்தி உறைகிறது என்று வினவியிருக்கிறார். மன்னார் வளைகுடாவின் மணலடியில் புழுக்களைத் தின்று வாழும் 'டர்பினெல்லா பைரம்' என்னும் நத்தையின் ஓடுதான் சங்கு, சுருள்முனை மேலிருக்க, வாய் நம்மை நோக்க நிறுத்தினால், ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் வாய் வலப்பக்கமே அமைய, மிக அபூர்வமாக ஏதோ ஒன்றுக்கு மட்டும் இடப்பக்கம் அமைந்துவிடுகிறது, அதுவே வலம்புரி. சக்தியைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஆயினும், அப்பெயரால் விலைபோகும் ஓடுகளில் பல மெக்சிகோ வளைகுடாவில் இயல்பாகவே இடவாயுடன் வளரும் வேறொரு நத்தையினுடையவை என்பதையும், மெய்ச் சங்கின் நடுத்தண்டில் விரலுக்குத் தட்டுப்படும் மூன்று நான்கு மடிப்புகள் அவற்றில் இரா என்பதையும், பணத்தை எண்ணி வைக்குமுன் அவர் அறிந்திருப்பது நலம்.

எனக்கு ரசமான விஷயம் வேறு. நத்தையின் ஓடு தோன்றுவதற்கு வெகு முன்னரே, கரு எட்டு உயிரணுக்களாகும் தருணத்தில், கீழுள்ள நான்கு பெரிய உயிரணுக்களின்மீது எழும் நான்கு சிறியவை நேர்மேலே அமராமல், ஒரு பக்கமாகத் திரும்பி இடுக்குகளில் போய் அமர்கின்றன. பழக்கடைக்காரர் சாத்துக்குடியை அடுக்கும்போது இரண்டாம் வரிசையை முதல் வரிசையின் பள்ளங்களில் பொருத்துவதில்லையா, அதைப் போலத்தான். ஆனால் அவர் அன்று கையைச் சற்றே எதிர்ப்பக்கம் திருப்பிவிட்ட ஒரே காரணத்தால், கடையின் வாசல் மறுபுறம் திறந்து, கல்லாப்பெட்டி எதிர்மூலைக்குப் போய், கூரையின் முறுக்குங்கூட மாறிவிடுமென்றால் எப்படியிருக்கும்! நத்தைக்கு அதுவே நேர்கிறது. ஓடு மட்டுமன்று, இருதயம் முதலிய உள்ளுறுப்புகளும் கண்ணாடிப் பிம்பம்போல் இடம் மாறுகின்றன.

சரித்திரத்தை விரித்தால் இடம் போதாது. 1923-இல் ஸ்டர்டிவன்ட் என்பவர், பிறர் வளர்த்த குளத்து நத்தைகளின் கணக்கைப் பார்த்தே, சேயின் திசையை நிர்ணயிப்பது அதன் சொந்த மரபணுக்கள் அல்ல, தாயின் மரபணுக்களே என்று ஊகித்துச் சொன்னார் என்பது போதும்.

ஜப்பானிய விஞ்ஞானி ரெய்கோ குரோடாவும் அவருடைய குழுவினரும் 2009-இல் வெளியிட்ட சோதனை இன்னும் விசித்திரமானது. குளத்து நத்தையின் கருவில், அந்த நான்கு சிற்றுயிரணுக்களை நுண்ணிய கண்ணாடிக் கம்பியால் எதிர்ப்பக்கம் தள்ளிவிட, நத்தை முழுவதுமே எதிர்த்திசையில் வளர்ந்தது; அதன் குஞ்சுகளோ, தள்ளுதலைச் சிறிதும் அறியாதவைபோல், பழைய திசைக்கே திரும்பின. உயிரணுவின் உட்சட்டகத்தைக் கட்டும் புரதமொன்றுக்குரிய ஒற்றை மரபணுவை 2019-இல் அவர்கள் செயலிழக்கச் செய்தபோதுதான், வலவாய் வமிசத்தில் எந்தக் கம்பியும் தீண்டாமலே இடவாய்க் குஞ்சுகள் பிறந்தன.