நெல்லிக்கனியும் நெடுவாழ்வும்

அரிதின் முயன்று பெற்ற நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்த அதியமானை அறியாதார் இலர். புறநானூற்றின் 91ஆம் பாட்டு அக்கொடையைப் போற்றுகிறது. ஆயின் மலைப்பிளவில் இருந்த அக்கனியை முதலில் நாடியவனும் அவனே என்பதை நாம் எண்ணுவதில்லை. நெடிது வாழும் ஆசை வள்ளலையும் விடவில்லை. சீனப் பேரரசன் சின் சி ஹுவாங் சாவா மருந்து தேடிக் கடல் கடந்து ஆள் அனுப்பினான். ஐம்பதை எட்டாமலே கி.மு. 210இல் மாண்டான்.

மருந்து எதுவுமின்றி நெடிது வாழும் உயிர்களோ பல. கலிபோர்னியாவின் வெண்மலைத் தொடரில், ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில், பிரிசில்கோன் பைன் என்னும் மரங்கள் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றின் ஆண்டு வளையங்களை எட்மண்ட் சுல்மன் 1957இல் எண்ணினார். இன்று அதன் வயது 4,800 ஆண்டுகளுக்கும் மேல். அதற்கு வாய்த்த நிலமோ மிக வறியது. சுண்ணப்பாறை, கடுங்குளிர், அருகிய மழை. அதனாலேயே அது மெல்ல வளர்கிறது. மெல்ல வளர்வதால் கட்டை இறுகுகிறது. பிசின் செறிந்த அக்கட்டையைப் பூச்சியும் பூஞ்சையும் எளிதில் அரிப்பதில்லை. பட்டையின் பெரும்பகுதி பட்டுப்போன பின்னும் எஞ்சிய ஒரு கீற்றைக் கொண்டே உயிர்த்திருக்கும். நல்ல மண்ணில் வளரும் அதே இன மரங்கள் விரைந்து வளர்ந்து விரைந்து மடிகின்றன!

வடகடலின் கிரீன்லாந்துச் சுறாவும் இத்தகையதே. கண்வில்லையில் உள்ள கரிமத்தைக் கொண்டு 2016இல் கணித்தபோது, மிக மூத்தது குறைந்தது 272 ஆண்டு வாழ்ந்தது தெரியவந்தது. அது பருவமெய்தவே ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆகுமாம்.

மனிதருள் பிரான்சு நாட்டு ழான் கல்மான் என்னும் மூதாட்டி 122 ஆண்டுகள் வாழ்ந்து 1997இல் மறைந்தார். அவ்வெல்லையை இன்றுவரை எவரும் கடந்ததாகச் சான்றில்லை. நம் சராசரி ஆயுள் உயர்ந்தது உண்மையே. அதற்குப் பெருங்காரணம் குழந்தைச் சாவு குறைந்தமையே அன்றி, மூப்பு தள்ளிப்போனமை அன்று.

வருந்தத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1964இல் நெவாடா மாநிலத்தில், பண்டைத் தட்பவெப்பத்தை ஆராய்ந்த மாணவர் ஒருவருக்காக, வனத்துறையின் இசைவுடனேயே ஒரு பைன் வெட்டப்பட்டது. வீழ்ந்த பின்னரே எண்ணினர், வளையங்கள் 4,862. ஐசுலாந்துக் கடலில் 2006இல் எடுத்த சிப்பி ஒன்றும் அவ்வாறே மாண்டது. அதன் வயது 507 எனப் பின்னர்க் கண்டனர். சுல்மன் கண்ட மரத்திற்கோ அடையாளப் பலகை எதுவும் வைக்காமல், அது நிற்கும் இடத்தையும் அறிவிக்காமல் வனத்துறையினர் காத்துவந்துள்ளனர்.