பத்தாவது பெயிலா? பிளஸ் 2 பாதியில் நின்றதா? கம்பெனிப் பெண்களுக்கு இன்னும் வழி உண்டு!

வடக்குப்பட்டு:

ஒரகடம் பக்கத்தில் உள்ள வடக்குப்பட்டு, 2022-ல் பத்திரிகைகளில் அடிபட்ட ஊர். தொல்லியல் துறையினர் இங்கே மண்ணைத் தோண்டி, பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கல் ஆயுதங்களை வெளியே எடுத்தார்கள். அது பழங்காலக் கதை. இந்த வட்டாரத்தின் இன்றைய கதை, கம்பெனி பஸ்.

விடியற்காலையிலும் நள்ளிரவிலும் பஸ் பஸ்ஸாக இளம்பெண்கள் போகிறார்கள், வருகிறார்கள். கழுத்தில் அடையாள அட்டை. கையில் டிபன் பை. இதில் பத்தாவது பெயிலானவர் உண்டு. பிளஸ் 2-ல் ஒரு பாடம் போனவர் உண்டு. வீட்டுக் கஷ்டத்தால் பள்ளிக்கூடத்தை விட்டவரும் உண்டு.

இவர்கள் மறுபடியும் படிக்க முடியுமா? முடியும்!

"சம்பளம் வருதே, படிப்பு எதுக்கு?"

வீட்டுக்கு வீடு கேட்கிற கேள்வி இது. பதில் ஸ்ரீபெரும்புதூரிலேயே இருக்கிறது. 2006-ல் அங்கே நோக்கியா செல்போன் தொழிற்சாலை வந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் பள்ளிப் படிப்போடு வேலையில் சேர்ந்தார்கள். 2014 நவம்பர் 1-ந் தேதி உற்பத்தி நின்றது. எட்டு வருஷத்து உழைப்புக்கு அன்றோடு முற்றுப்புள்ளி. புது இடத்தில் வேலை கேட்டுப் போனால் முதலில் நீட்டச் சொல்வது சர்ட்டிபிகேட்டைத்தானே?

கல்யாணம் இன்னொரு விஷயம். ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் வேலைக்குக் கல்யாணமான பெண்களை எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எழுதியது. பெரும் பரபரப்பு ஆயிற்று. பாரபட்சம் காட்டவில்லை என்று கம்பெனி மறுத்தது. எது எப்படியோ, கம்பெனி வேலைக்கு வயசு ஒரு கணக்கு. மார்க் ஷீட்டுக்கு வயசு கிடையாது.

தனித்தேர்வர்

பள்ளிக்கூடம் போகாமலே பரீட்சை எழுதுகிறவருக்கு அரசு வைத்திருக்கும் பெயர், தனித்தேர்வர். கல்வி மாவட்டத்தில் உள்ள அரசுத் தேர்வுத் துறை சேவை மையத்தில் விண்ணப்பம் போட வேண்டும். பெயிலான பாடத்தை மட்டும் எழுதினால் போதும். மார்ச், ஏப்ரலில் தவறியவருக்கு ஜூன், ஜூலையில் துணைத்தேர்வு இருக்கிறது.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பத்தாவதுக்கும் பிளஸ் 2-வுக்கும் 2019-20-ல் பாடத்திட்டம் மாறிவிட்டது. அக்கா பரண் மேல் போட்டு வைத்த பழைய புத்தகம் உதவாது!

உஷார்!

"பிளஸ் 2 எதுக்கும்மா? நேரா டிகிரியே வாங்கிடலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிளஸ் 2 இல்லாமலே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர்கள் தமிழ்நாட்டில் நிறைய. 2009 ஆகஸ்டில் வந்த அரசாணை 107 அவர்களுக்குப் பேரிடியாக இறங்கியது. பத்தாவது, பிளஸ் 2 இரண்டும் முடித்து, அதற்குப் பிறகு வாங்கிய பட்டம்தான் அரசு வேலைக்குச் செல்லும் என்கிறது அந்த ஆணை. பணம் கட்டி, மூன்று வருஷம் படித்து, கடைசியில் டி.என்.பி.எஸ்.சி. வாசலில் திரும்ப வேண்டியதுதான்.

பரீட்சை எழுதாமலே மார்க் ஷீட் வாங்கித் தருகிறேன் என்று வருகிறவர்கள் வேறு ரகம். போலிச் சர்ட்டிபிகேட் வழக்குகளை எழுதி எழுதிக் கை சலித்த நிருபர் சொல்கிறேன்: அந்தப் பேப்பர் ஒரு நாள் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் நிறுத்தும்.

ஆயிரம் ரூபாய் யாருக்கு?

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரியில் சேரும் பெண்ணுக்கு மாதம் ரூ.1,000 தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ந் தேதி தொடங்கியது. நல்ல திட்டம்தான். ஆனால் தபால் வழியில் படிப்பவருக்கு அந்தப் பணம் கிடையாது என்று விதி வகுத்தார்கள். பகல் முழுக்கக் கம்பெனியில் நின்றுவிட்டு ராத்திரி புத்தகத்தைப் பிரிக்கிறவருக்கு ஆயிரம் ரூபாய் வேண்டாமா? இந்த விதி நியாயமாகத் தெரியவில்லை.

பக்கத்தில் வல்லம் வடகாலில், 2024 ஆகஸ்டில் ரூ.706 கோடி செலவில் பெண் தொழிலாளர் விடுதி திறந்தார்கள். 18,720 பேர் தங்கலாம். தேர்வுத் துறை ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கேயே மேஜை போட்டு விண்ணப்பம் வாங்கினால், எத்தனை பேருடைய ஒரு நாள் சம்பளம் மிஞ்சும்!

பெரிய சிக்கல் ஷிப்டுதான். பத்தாவதை முதல் தடவையாகத் தனியாக எழுதுகிறவர், அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்து, 80 சதவீத வகுப்புக்காவது போயிருக்க வேண்டும். வாரத்துக்கு வாரம் ஷிப்டு மாறும் பெண் எப்படிப் போவார்? அந்தச் சில வாரங்களுக்கு மட்டும் ஒரே ஷிப்டு கொடுங்கள் என்று சூப்பர்வைசரிடம் கேட்டுப் பார்க்கலாம். காண்டிராக்டில் இருப்பவர் என்றால், லீவு போட்ட அன்று கூலி இல்லை.