பக்கத்து வீட்டில் போர்... காவிரிக் கரை எப்படிப் பார்த்தது?

திருவிடைமருதூர் ரயில் நிலையத்தைக் கடந்து செல்லும் மெயின் லைனில் ஒரு காலத்தில் 'போட் மெயில்' ஓடியது. மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத் தனுஷ்கோடி. அங்கே கப்பல் ஏறினால் இலங்கை. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே அழித்துவிட, அந்தப் பயணம் நின்றுபோனது. ஆனால், உறவு நிற்கவில்லை. ரயில் போகாத இடத்துக்கு ரேடியோ போனது.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் டெல்டா கிராமங்களில் 'ரேடியோ' என்றாலே பல வீடுகளில் சிலோன் ரேடியோதான். கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் எல்லாம் முகம் தெரியாத உறவினர்கள். ஒரு நாட்டின் குரலைத் தினமும் வீட்டுக்குள் கேட்டவர்களுக்கு, அந்த நாட்டில் தீப்பிடித்தால் அது வெளிநாட்டுச் செய்தியாக இருக்க முடியுமா?

1983 ஜூலையில் தீப்பிடித்தது. கொழும்பில் தமிழர்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. தமிழகமே கொதித்தது. எம்.ஜி.ஆர் அரசே பந்த் நடத்தியது. கருணாநிதியும் அன்பழகனும் சட்டமன்ற உறுப்பினர் பதவியைத் துறந்தார்கள். எதிரெதிர்க் கட்சிகள் ஒரே விஷயத்துக்காகப் போட்டி போட்டது தமிழக அரசியலில் அபூர்வம். அகதிகள் படகுகளில் வந்து இறங்க, ஊர்கள் இடம் கொடுத்தன. போராளிக் குழுக்கள் இங்கேயே முகாம் போட்டன. மக்கள் அதை மறைத்துப் பேசவில்லை, பெருமையாகவே பேசினார்கள்.

1987-ல் இந்திய அமைதிப்படை போனபோது குழப்பம் தொடங்கியது. சண்டையை நிறுத்தப் போன படையே புலிகளுடன் சண்டையிட்டது. சுமார் 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு சென்னை வந்து இறங்கியபோது, முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அன்று அதைச் சரி என்றவர்களும் உண்டு, தப்பு என்றவர்களும் உண்டு.

1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு எல்லாம் தலைகீழ். அடுத்த மாதம் நடந்த தேர்தலில் 234 தொகுதிகளில் தி.மு.க-வுக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு. இலங்கைத் தமிழ் பேசினாலே வாடகைக்கு வீடு கிடைப்பது கஷ்டம் என்ற நிலை வந்தது. பேச்சு வழக்கைக் கேட்டே சந்தேகப்பட்டார்கள். எட்டு வருடங்களுக்கு முன்பு அதே பேச்சு வழக்கைக் கேட்டுத்தான் உருகினார்கள்!

ஏறத்தாழ 17 ஆண்டுகள் இந்த மௌனம் நீடித்தது. 2008 அக்டோபர் 24-ல், கொட்டும் மழையில் சென்னையில் மனிதச் சங்கிலி நின்றபோதுதான் அது வெளிப்படையாக உடைந்தது. வன்னியில் போர் இறுகிக்கொண்டிருந்தது. மாணவர்கள் வீதிக்கு வர, அரசு கல்லூரிகளை மூடியது.

அந்தக் கொதிப்பு ஓட்டாக மாறியதா? இங்கேதான் டெல்டா ஒரு விசித்திரமான பதிலைச் சொன்னது. 2009 மே 13-ல் வாக்குப்பதிவு. திருவிடைமருதூர் அடங்கிய மயிலாடுதுறைத் தொகுதியில் காங்கிரஸின் மத்திய அமைச்சர் மணிசங்கர் அய்யர் தோற்றார். ஈழ ஆதரவாளர்கள் அதைத் தங்கள் வெற்றியாகக் கொண்டாடினார்கள். ஆனால், பக்கத்திலேயே இருக்கும் தஞ்சாவூரிலும் நாகப்பட்டினத்திலும் அதே கூட்டணியின் தி.மு.க ஜெயித்தது. மாநிலம் முழுக்க 39-ல் 27 இடங்கள் அந்தக் கூட்டணிக்கே. கண்ணீர் உண்மை. ஆனால், வாக்குச்சாவடிக்குள் போகும்போது கூடவே வேறு கணக்குகளும் போயின என்றுதான் சொல்ல வேண்டும். முடிவு வந்த இரண்டாம் நாள், மே 18, முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. கடைசி மாதங்களில் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று பின்னர் ஐ.நா நிபுணர் குழு சொன்னது.

அதன் பிறகு வந்த கோபம், சில நேரம் ஆள் தெரியாமல் பாய்ந்தது. 2012 செப்டம்பரில் பூண்டி மாதா கோயிலுக்கும் வேளாங்கண்ணிக்கும் வந்த இலங்கை யாத்ரீகர்களை முற்றுகையிட்டார்கள். அவர்கள் திரும்பிய பேருந்துகள் மீது கல் விழுந்தது. அந்தக் கூட்டத்தில் தமிழர்களும் இருந்தார்கள். மெழுகுவர்த்தி ஏற்ற வந்தவர்கள் போலீஸ் பாதுகாப்போடு விமான நிலையம் போனார்கள். அடுத்த மார்ச்சில் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்த பௌத்த பிக்கு ஒருவர் தாக்கப்பட்டார். வந்தாரை வரவேற்கும் மண் என்று பெருமை பேசும் ஊர்க்காரர்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

அதே 2013 நவம்பரில், தஞ்சை விளார் சாலையில் பழ.நெடுமாறன் முன்னெடுத்த முள்ளிவாய்க்கால் முற்றம் திறக்கப்பட்டது. போரின் கொடுமைகள் கல்லில் செதுக்கப்பட்டிருக்கின்றன. திறந்த சில நாட்களிலேயே அதன் சுற்றுச்சுவரை அதிகாரிகள் இடித்தார்கள், நெடுமாறன் கைதானார். சுவர் போனாலும் சிற்பங்கள் நின்றன. தலைமுறை தாண்டி, போரைப் பார்க்காத பிள்ளைகள் இன்று அங்கே வந்து பார்க்கிறார்கள்.

2022-ல் இலங்கை பொருளாதாரத்தில் கவிழ்ந்து, மக்கள் அரிசிக்கும் பால் பவுடருக்கும் வரிசையில் நின்றார்கள். தமிழக அரசு 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், மருந்துகள் தர முடிவெடுத்தது. மொத்தம் 123 கோடி ரூபாய். தமிழர்களுக்கு மட்டும் என்று தொடங்கிய பேச்சு, 'இலங்கை மக்கள் எல்லோருக்கும்' என்று மாறியது. 9,000 டன் அரிசியோடு முதல் கப்பல் சென்னையிலிருந்து கிளம்பிய தேதி மே 18. திட்டமிட்டதோ, தற்செயலோ! முள்ளிவாய்க்கால் நினைவு நாளில், சிங்களர் வீட்டுக்கும் சேர்த்தே அரிசி போனது. டெல்டாவில் அதை எதிர்த்துப் பெரிய போராட்டம் எதுவும் நடக்கவில்லை.

2023 அக்டோபர் 14 முதல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். இடையில் நின்று, 2024 ஆகஸ்ட்டில் மீண்டும் கிளம்பியது. சில மணி நேரப் பயணம்தான். திருவிடைமருதூரிலிருந்து பஸ் பிடித்து நாகை போய், கப்பல் ஏறினால் அன்றே யாழ்ப்பாணம். மறக்காமல் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொள்ள வேண்டும்.